பாம்பன் ஓதமா, கமுதி வெயிலா?

நீர்மின் பொறியாளர் யாராவது மண்டபம் பக்கம் வந்தால் டீக்கடையில் இதைத்தான் கேட்பார்கள்: “இம்புட்டுக் கடல் கெடக்கே சார், இதுல கரண்டு எடுக்க முடியாதா?”

எடுக்கலாம், கட்டுபடியாகாது. ஓத மின்சாரத்துக்கு, அதாவது கடல் ஏறி வற்றுவதிலிருந்து எடுக்கும் கரண்டுக்கு, நீர்மட்டம் ஏறி இறங்கும் உயரம்தான் முதல். அந்த உயரம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பல மீட்டர் ஏறுகிற ஓதம், இங்கே ஒரு மீட்டரைத் தொடுவதே அரிது. அதற்காகக் கடலை மறித்துச் சுவர் கட்டினால் கடற்தாழை என்கிற கடற்புல் அழியும், இறால் போகும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா வேறு.

இதே ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியிலோ 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம். ராத்திரி கிடையாது, இடமும் நிறைய கேட்கும். ஆனாலும் என் ஓட்டு வெயிலுக்கே, கண்மாய்க்கு வரும் ஓடையை மறிக்காமல் தகடு நட்டால்.