காரைக்குடி வெயிலில் தனித்தொட்டி: சில வருடப் புழக்கத்தில் தெரிந்தது

வாங்கி வந்த புது மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடாமல், நாலு வாரம் தனித்தொட்டியில் வைத்து நோய் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் சில வருடமாக இருக்கிறது. பலன் உண்டு, விடுவதாக இல்லை. ஆனால் இதற்கென்று கிடைக்கும் வழிமுறைகளில் பெரும்பாலானவை குளிர் ஊர்க்காரர்கள் எழுதியவை. ஹீட்டர் வாங்கு, வெப்பத்தை ஏற்று என்றுதான் ஆரம்பிப்பார்கள். சித்திரை வைகாசியில் காரைக்குடித் தொட்டித் தண்ணீர் யாரும் சூடாக்காமலே 31, 32 டிகிரி காட்டும். அதனால் இங்கே எது செல்லும், எது செல்லாது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என்னுடையது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரக் கண்ணாடித் தொட்டி. முழுக்க நிரப்பினால் 55 லிட்டர் வரும், நான் 45 லிட்டரோடு நிறுத்திக்கொள்வேன். அடியில் மணலோ கூழாங்கல்லோ கிடையாது. கழிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும், மருந்து போட்டால் கல் உறிஞ்சிக்கொள்ளவும் கூடாது. மீன் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் இரண்டு, ஏர் மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, மேலே கொசுவலை. அவ்வளவுதான். இதற்கு முன் பிளாஸ்டிக் பெட்டியும் வைத்துப் பார்த்தேன். விலை குறைவு, வேலை முடிந்தால் கவிழ்த்து வைத்துவிடலாம். ஆனால் மேலிருந்து மட்டுமே மீனைப் பார்க்க முடிகிறது. செவுள் ஒரு பக்கம் மட்டும் அடிக்கிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா, கழிவு வெள்ளை நூலாகத் தொங்குகிறதா என்பதெல்லாம் பக்கவாட்டில்தான் தெரியும். பார்ப்பதற்காகவே வைக்கிற தொட்டியில் பார்க்க முடியாவிட்டால் என்ன பிரயோஜனம்?

தொட்டி இருப்பது வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், முற்றத்து வெயில் எட்டாத சுவரோரம். சுண்ணாம்புச் சுவர் தடிமனும் உயரமான கூரையும் சேர்ந்து பகல் சூட்டை நன்றாகத் தாங்குகின்றன. மாடி அறையில் வைத்த தொட்டியைவிட இங்கே இரண்டு மூன்று டிகிரி குறைவு. ஒரே சிக்கல் தரை. மீன் மருந்தான மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு சிந்தினாலும் ஆத்தங்குடிக் கல் குடித்துவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. தொட்டிக்குக் கீழே ஒரு பெரிய தாம்பாளம் வந்தது அப்பத்தாவின் கட்டளைப்படி.

தொட்டி வாங்குவதையே அப்பத்தா வீண்செலவு என்றுதான் சொன்னார். "ஏம்ப்பா, மாடியில அத்தனை அண்டா கவுந்து கெடக்கு, அதுல ஒண்ண எடுத்துக்கிட்டா ஆகாதா?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் பித்தளை, செம்புப் பாத்திரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பித்தளையில் பெரும்பங்கு செம்புதான். தண்ணீரில் அது கரையும், அதுவும் மழைத்தண்ணீர் போல உப்பில்லாத தண்ணீரில் சீக்கிரமே கரையும். இறால், நத்தையைக் கொல்ல மிகச் சிறிய அளவே போதும், மீனுக்கும் நல்லதல்ல. "இது மீனுக்கு விஷம் அப்பத்தா" என்றதும், "நாங்க அதுல தண்ணி குடிச்சுத்தான் எண்பது வயசு இருக்கோம்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் வாதாடவில்லை.

தண்ணீர் பற்றி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதைப் போக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) போட்டுவிட்டால் முடிந்தது. முற்றத்தில் விழும் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவர்கள் அதை மட்டுமே ஊற்றிவிடாதீர்கள். அமிலம் சேர்ந்தால் தாங்கும் திறன் இல்லாத தண்ணீர் அது, சின்னத் தொட்டியில் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) திடீரென்று இறங்கிவிடும். ஆழ்துளைத் தண்ணீரோடு கலந்தால் சரியாக இருக்கிறது.

நான் வாங்கும் கடைக்குச் சரக்கு சென்னை கொளத்தூரிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறது. ராத்திரி முழுக்க ஆக்சிஜன் பையில் கிடந்த மீன். பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு பிஎச்சைக் குறைத்து வைத்திருக்கும், அதனால் மீன் கழிவிலிருந்து அங்கே சேர்ந்த அம்மோனியா பெரிதாகச் சுடாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். ஆகவே அப்படி வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தண்ணீர் சேர்ப்பது நல்லது செய்வதுபோலத் தெரிந்தாலும் கெடுதல்தான். பையைக் கட்டவிழ்க்காமல் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, திறந்ததும் மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டுவிடுகிறேன். பைத் தண்ணீர் முருங்கை மரத்துக்கு. கடைத் தொட்டியில் சில நாள் இருந்து, பத்து நிமிடத்தில் வீடு வந்த மீனுக்கு இந்த அவசரம் தேவையில்லை.

சூடு அம்மோனியாவை இன்னொரு விதத்திலும் கெடுக்கிறது. பிஎச் 7, வெப்பம் 25 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சான பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8, வெப்பம் 30 டிகிரி என்றால் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதும் சூட்டில் குறையும். எனவே ஊறிய ஸ்பாஞ்ச் இல்லாமல் இங்கே தனித்தொட்டி என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்பது என் கட்சி. பெரிய தொட்டியின் மூலையில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். கழிவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். மீன் வரும் அன்று அதைத் தூக்கித் தனித்தொட்டியில் வைத்துவிட்டு, மூலைக்குப் புது ஸ்பாஞ்ச் போட்டுவிடுவேன். விலை இருநூறு ரூபாய்க்குள். போன ஸ்பாஞ்ச் திரும்பிப் பெரிய தொட்டிக்கு வராது. கொதிநீரில் போட்டு எடுத்து, மொட்டைமாடியில் காய்ந்து, அடுத்த முறை புதுசுபோல ஊற வைக்கப்படும்.

இனி நோய். இங்கேதான் காலநிலை கணக்கையே மாற்றிவிடுகிறது.

வெள்ளைப்புள்ளி நோயைத் தராத கடை இல்லை. உடம்பெல்லாம் ரவை தூவியதுபோல இருக்கும். அந்தப் புள்ளிக்குள் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, மருந்து அதைத் தொடாது. முற்றியதும் உதிர்ந்து அடியில் போய்க் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து நீந்தி வரும். அந்த நீந்தும் பருவத்தில்தான் உப்போ மருந்தோ கொல்லும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வாரத்தில் இரட்டிப்பாகத் திரும்பி வருவது அதனால்தான். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும், குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும், 30 டிகிரிக்கு மேலே போனால் அதற்குப் பெருகவே சிரமம். என் தொட்டியில் கோடையில் இது தலைகாட்டுவது அபூர்வம். ஐப்பசி மழை பிடித்து ராத்திரியில் தண்ணீர் குளிர்ந்ததும் வந்துவிடும். ஹீட்டர் என்று ஒன்று எனக்குத் தேவைப்படுவது கார்த்திகை மார்கழியில் மட்டும்.

கோடையின் எதிரி வேறு. முதுகில் சேணம் போட்டதுபோல வெளுத்த திட்டு, வாயைச் சுற்றிப் பஞ்சு. கடையில் "பூஞ்சைண்ணே" என்று நீல மருந்தைக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது பூஞ்சையல்ல, காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா. சூடு ஏற ஏற இது வேகமெடுக்கும், வெயில் காலத்தில் ஓரிரு நாளில் மீனை முடித்துவிடும். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் வெப்பத்தை ஏற்று என்ற அறிவுரையை இங்கே பின்பற்றினால் எரிகிற அடுப்பில் எண்ணெய்தான். நான் செய்வது நேரெதிர்: தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஒன்றைத் திருப்பி வைப்பேன். நம் ஊர் வறண்ட காற்றில் ஆவியாகியே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் பாட்டில் போட்டால் சட்டென்று இறங்கிச் சட்டென்று ஏறும், அது வேண்டாம். கூடவே ஏர் அதிகம், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றம். அதற்கும் அடங்காவிட்டால்தான் ஆன்டிபயாடிக், அதுவும் மீன் மருத்துவம் தெரிந்தவரைக் கேட்டு.

உப்பு பற்றி ஒரு வார்த்தை. சாதாரணக் கல்லுப்பே போதும், லிட்டருக்கு 1 முதல் 3 கிராம். மாலி, கப்பி, பிளாட்டிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்திக்குக் குறைத்துப் போட வேண்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஃபேன் ஓடும் நாட்களில் மட்டம் மளமளவென்று இறங்கும். குறைந்ததை வெறும் தண்ணீரால் மட்டும் நிரப்ப வேண்டும், மாற்றும் தண்ணீருக்கு மட்டும் கணக்கிட்டு உப்பு சேர்க்க வேண்டும்.

சூட்டில் நோய்ச் சுற்று சுருங்குகிறதே, இரண்டு வாரம் போதாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வெள்ளைப்புள்ளிக்குப் போதலாம். குடல்புழுவுக்குப் போதாது. கப்பி வாங்கினால் நான் பயப்படுவது கமலானஸ் என்ற புழுவுக்குத்தான். மீன் நன்றாகத் தின்னும், நன்றாக நீந்தும், வாரங்கள் கழித்து ஆசனவாயில் சிவப்பு நூல் நுனி எட்டிப் பார்க்கும். பெரிய தொட்டிக்குள் போய்விட்டால் எல்லா மீனுக்கும் பரவிவிடும். ஆட்டுக்குக் கொடுக்கிற லெவமிசோல் இதற்குக் கேட்கும், கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம், விளக்கணைத்து ஒரு நாள். அது புழுவைக் கொல்வதைவிட மயக்கித்தான் தள்ளுகிறது, ஆகவே மறுநாள் அடியைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை.

இத்தனை மருந்துப் பெயர் சொல்கிறேன் என்பதற்காக, வந்த அன்றே எல்லாவற்றையும் வரிசையாக ஊற்றும் முறையை நான் ஆதரிப்பதாக நினைக்க வேண்டாம். நீல மருந்து ஸ்பாஞ்ச் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்று, இல்லாத நோய்க்குப் பதில் அம்மோனியாவைக் கொடுக்கும். முதல் வாரம் மீனுக்கு வேண்டியது மங்கலான வெளிச்சமும் குறைந்த தீனியும்தான்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், மாதாந்திர பராமரிப்பு மின்தடை அன்று பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். பெரிய தொட்டி சில மணி நேரம் தாங்கும், கோடையில் 45 லிட்டர் தாங்காது.

நாலாவது வாரத்தில் பெரிய தொட்டியிலிருந்து ஒரு மீனைக் கொண்டுவந்து புதியவற்றோடு விடுகிறேன். மனசுக்குக் கொஞ்சம் சங்கடமான காரியம்தான். ஆனால் புது மீனிடம் நோயை வெளிக்காட்டாமல் சுமப்பது ஏதாவது இருந்தால் அப்போது தெரியும். நம் மீன்கள் பழகிப்போய்ச் சுமக்கும் நோய் புது மீனைத் தாக்குகிறதா என்பதும் தெரியும்.

இதையெல்லாம் தாண்டிப் போவதும் உண்டு. மீன் காசநோய் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும், நாலு வாரத்தில் பிடிபடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அது நம் தோலிலும் பிடிக்கும் என்பதால், காயத்தோடு நான் தொட்டிக்குள் கைவிடுவதில்லை. நியான் டெட்ராவின் நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும் நோய்க்கு மருந்தே கிடையாது. அப்படி ஒன்று தெரிந்தால் அந்தக் கூட்டத்தையே பெரிய தொட்டிக்கு அனுப்புவதில்லை.

முதல் தொட்டியை இப்போதுதான் வைக்கிறவருக்கு இதில் எதுவும் வேண்டாம். முதல் கூட்டத்துக்கு அந்தத் தொட்டியேதான் தனித்தொட்டி. இரண்டாம் முறை மீன் வாங்கப் போகும்போது யோசித்தால் போதும். செடி வாங்குகிறவர்கள் மட்டும் உடனே கவனிக்க வேண்டும், வெள்ளைப்புள்ளியின் கூடு இலையிலும் ஒட்டிக்கொண்டு வரும். மீனில்லாத வாளியில், நம் ஊர்ச் சூட்டில், ஒரு வாரம் போட்டு வைத்தால் பிடிக்க மீன் கிடைக்காமல் செத்துவிடும். நத்தைக்கும் அதே வாளி.