முதலில் காவல் நிலையமா, மருத்துவமனையா?

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணை முதலில் எங்கே அழைத்துப் போவது? என் ஓட்டு மருத்துவமனைக்குத்தான்.

காரணம், நேரம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குளிக்காமல், துணி துவைக்காமல் போனால் தடயங்களும் மிஞ்சும். கடலூர் அரசு மருத்துவமனையோ, ஜிப்மரோ, தனியாரோ, எஃப்.ஐ.ஆர். கேட்காமல் உடனே இலவசமாக முதலுதவி தர வேண்டும் என்பது சட்டம். பரிசோதனைக்கு அந்தப் பெண்ணின் சம்மதம் தேவை. பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் மறுபடியும் சொல்லிவிட்டது. ஆனால் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆகும். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்ற கணக்கு எடுபடாது.

செய்தவன் பக்கத்திலேயே இருந்து மிரட்டுகிறான் என்றால், சரி, காவல் நிலையம்தான் முதலில். நம் கடலூர்-புதுச்சேரி பக்கம் காவல் எல்லைத் தகராறு வேறு உண்டு. சம்பவம் பாகூரில், பெண் கடலூரில் என்றால், "அது பாண்டிச்சேரி கேஸ்மா" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எல்லை பார்க்காமல் பதியும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அங்கே மாற்ற வேண்டும். புகாரைப் பதிவது பெண் அதிகாரியாக இருக்க வேண்டும்.

எங்கே போனாலும் "ஏன் கத்தவில்லை?" என்று யாராவது கேட்பார்கள், பெரும்பாலும் உறவுக்காரர்களே. பயத்தில் உடல் உறைந்து போவது இயல்பு. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே அது சம்மதம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. எங்கே தொடங்குவதென்று புரியாவிட்டால் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம்.