"காயில் எத்தனை ஓமுங்க?" – ஒரு கோவை இக்னிஷன் கம்பெனியின் சர்வீஸ்

பாராட்டி எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. எதையாவது வாங்கி ஏமாந்தால்தான் உட்கார்ந்து எழுதத் தோன்றும். இந்த முறை கொஞ்சம் மாறிப்போச்சு. புல்லட்டுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட், அதாவது பிளக்கில் தீப்பொறி விழவைக்கும் சாதனம், செய்யும் கம்பெனி ஒன்று கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் இருக்கிறது, கம்பெனி என்றால் ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை, அவ்வளவுதான். தப்பு முழுக்க என் பக்கம் இருந்தும் அவர்கள் எனக்குப் பொருளை மாற்றிக் கொடுத்தார்கள். பெயர் ஏன் போடவில்லை என்பது கீழே வரும்.

என்னுடையது 1998 மாடல் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின், அப்பா வாங்கி ஓட்டி என் கையில் கொடுத்தது. பாயிண்ட் வைத்த வண்டி. அதை ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இரண்டு சின்ன உலோக முனைகள் தொட்டுத் தொட்டு விலகும், விலகும்போது காயிலில் (தீப்பொறிக்கு வேண்டிய உயர் அழுத்தத்தைத் தருகிற கம்பிச் சுருள்) ஓடுகிற கரண்ட் அறுந்து பிளக்கில் தீப்பொறி விழும். அந்த முனைகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முனையைத் தள்ளிவிடுகிற ஃபைபர் துண்டு தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பின்னால் போகும், வண்டி இழுக்காது, சூடேறும். விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி பார்க்கிற மெக்கானிக்குகள் நாமக்கல்லில் இன்னும் இருக்கிறார்கள், அதில் தப்பில்லை, ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கார்டைத் தேடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை.

அதனால் போன வருடம் கிட் வாங்கினேன். பாயிண்ட் இருந்த இடத்தில் சென்சார் பொருத்திய ஒரு தட்டு, நடு ஷாஃப்டில் காந்தம் வைத்த சின்ன ரோட்டர், சீட்டுக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. கூரியரோடு 3,200 ரூபாய். இங்கிலாந்தின் பாயர் பிரான்ஸ்டன் மாதிரிக் கம்பெனிகள் புல்லட்டுக்கும் கிட் விற்கின்றன, ஆனால் அதை வரவழைத்து சுங்க வரியும் கட்டி முடிப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும். இதில் டைமிங் வைப்பது சுலபம், தட்டைத் திருப்பிக்கொண்டே வந்தால் சரியான இடத்தில் அதிலேயே ஒரு சின்ன எல்இடி எரியும். வேகத்துக்கு ஏற்பத் தீப்பொறியை முன்னால் தள்ளும் பழைய எடைக்கல், ஸ்பிரிங் வைத்த அட்வான்ஸ் கிடையாது, எல்லாம் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். கிக் அடிக்கிற வேகத்தில் தீப்பொறி தாமதமாக விழுவதால் காலைத் திருப்பி உதைக்கிற வேலையும் குறைந்தது. அப்பாவுக்கு மட்டும் ஒரு வருத்தம். பாயிண்ட் இருந்தபோது கிக்கரை மெதுவாக அழுத்தினால் அம்மீட்டர் முள் ஆடுவதைப் பார்த்து பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பார். இதில் இன்ஜின் நின்றிருக்கும்போது பெட்டி காயிலுக்குப் போகும் கரண்ட்டை நிறுத்திவிடுவதால் முள் ஆடாது. "முள்ளு ஆடாதது எல்லாம் ஒரு புல்லட்டா" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து மாதம் கிட்டில் கையே வைக்கவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குப் போனேன். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு. நாற்பதாவது வளைவுக்கு மேல், எத்தனையாவது என்று சரியாக நினைவில்லை, யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி வண்டி நின்றது. திணறல் இல்லை, இருமல் இல்லை, பட்டென்று நின்றது. கால் மணி நேரம் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் முதல் கிக்கிலேயே கிளம்பும், நாலு வளைவு ஏறினால் திரும்பவும் நிற்கும். மூன்றாவது முறைக்குப் பிறகு கிளம்பவே இல்லை. கழற்றிய பழைய பாயிண்ட் தட்டு வீட்டு மேசை டிராயரில் பத்திரமாக இருந்தது. டிரம் பிரேக்கை நம்பி இன்ஜின் ஓடாமல் அந்த வளைவுகளில் உருட்டிக்கொண்டு இறங்க எனக்குத் தைரியமில்லை. மேலே வாழைத்தார் ஏற்ற வந்த ஒரு குட்டியானை அண்ணன்தான் வண்டியைக் கட்டிக் கீழே கொண்டுவந்தார். 1,500 ரூபாய், வழியெல்லாம் அறிவுரை இலவசம்.

திங்கட்கிழமை காலை அட்டைப்பெட்டியில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். சண்டை போடுகிற மனநிலையில்தான் கூப்பிட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். இதற்கு முன் ஒரு மிக்சிக்காக, ஒரு பேட்டரிக்காக என்று இலவச எண்களில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அழுத்தி, கடைசியில் பில் இருக்கா, வாங்கின கடையிலேயே கேளுங்கள் என்ற பதிலை வாங்கிப் பழகியிருந்தேன். இங்கே இரண்டாவது மணியிலேயே ஒரு அம்மா எடுத்தார். கதை முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பில் எண், வாங்கிய தேதி எதுவும் கேட்கவில்லை. முதல் கேள்வியே, "காயில் எத்தனை ஓமுங்க?"

காயில் கரண்ட்டுக்குக் காட்டும் தடையைக் கேட்கிறார், எனக்குத் தெரியவில்லை. "மீட்டர் இருக்குங்களா? எடுத்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றார். நான் மீட்டரைத் தேடி எடுத்துவந்து காயிலின் இரண்டு சின்ன முனைகளிலும் வயரைக் கழற்றிவிட்டு வைத்துப் பார்த்தேன், 1.9 காட்டியது. "இப்போ மீட்டரோட ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிடிங்க, என்ன காட்டுது?" 0.4. "அது மீட்டர் வயரோட கணக்குங்க, அதைக் கழிச்சிருங்க." கழித்தால் 1.5. போனில் ஒரு சின்ன மௌனம். "இது வண்டியோட வந்த காயில் இல்லீங்களே, எப்போ மாத்துனீங்க?"

அப்போதுதான் உறைத்தது. கொல்லிமலைக்கு இரண்டு வாரம் முன்பு பழைய காயில் சூடானால் மிஸ் ஆகிறது என்று மெக்கானிக் அண்ணனிடம் விட்டிருந்தேன். அவர் ஒரு பழைய காரில் இருந்து கழற்றிய காயிலை மாட்டி, "ஸ்பார்க்கு சும்மா கொள்ளிக்கட்டை மாதிரி விழும் பாரு தம்பி" என்றார். விழுந்தது, உண்மை. அந்த மாதிரிக் கார்களில் காயிலோடு வரிசையில் பலாஸ்ட் ரெசிஸ்டர் என்று ஒன்று இருக்கும், கரண்ட்டை மட்டுப்படுத்துவது அதுதான். காயில் மட்டும் வந்தது, ரெசிஸ்டர் காரிலேயே இருந்துவிட்டது. அந்த அக்கா (இதற்குள் மேடம் போய் அக்கா ஆகியிருந்தார்) கணக்கை இப்படிச் சொன்னார்: 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர், பெட்டிக்குள் கரண்ட்டை அறுக்கிற எங்கள் டிரான்சிஸ்டர் அதற்குத்தான் கட்டியது. 1.5 ஓமால் வகுத்தால் 8. மலை ஏறும்போது வேகம் குறைவு, சீட்டுக்கு அடியில் காற்றும் இல்லை, பெட்டி வெந்துபோகும். ஆறினால் ஓடும், சூடானால் நிற்கும், பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். நான் மலையில் அனுபவித்ததை அந்த வரிசையிலேயே சொன்னார்.

இதோடு போனை வைத்திருந்தால்கூட நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் விடவில்லை. பேட்டரி வோல்ட் பார்க்கச் சொன்னார், சும்மா நிற்கும்போது 12.6 இருந்தது. அடுத்து கேட்டவை: பேட்டரியை எப்போதாவது பிளஸ் மைனஸ் மாற்றி இணைத்தீர்களா, வண்டியில் பெட்டியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தீர்களா, பிளக்கைக் கழற்றி ஹெட்டில் படாமல் தொங்கவிட்டுக் கிக் அடித்தீர்களா. கடைசியாகச் சொன்னதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், தீப்பொறிக்குப் போக வழியில்லாவிட்டால் அந்த அழுத்தம் திரும்பி வந்து பெட்டியைத்தான் அடிக்கும். பிளக் எண்ணையும் படிக்கச் சொன்னார். என்ஜிகே பிளக் என்றால் எண்ணில் ஆர் எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், இருந்தால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. என்னுடையதில் இல்லை, பிளக்கின் தலையில் மாட்டும் கேப்பும் சாதாரணமானது. தீப்பொறி கிளப்பும் இரைச்சல் சென்சார் வயரில் ஏறி டைமிங்கைக் குழப்பும் என்பதால் 5 கிலோ ஓம் கேப் ஒன்று போடச் சொன்னார். எந்தக் கடையிலும் கிடைக்கும், எங்களிடம் வாங்க வேண்டியதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

அப்புறம் நான் தயங்கிக்கொண்டே, புதுப் பெட்டி மட்டும் எவ்வளவு என்று கேட்டேன். "பழசை அனுப்பிவைங்க, நாங்க புதுசு அனுப்பறோம், கூரியர் மட்டும் நீங்க பார்த்துக்குங்க." தப்பு என்னுடையது என்றேன். "ஆமாங்க, உங்க தப்புதான்" என்றார், அதிலொன்றும் மழுப்பல் இல்லை. "ஆனா மூணு ஓமுக்குக் கம்மியா காயில் போடாதீங்கன்னு எங்க பேப்பர்ல கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல, இங்கிலீஷ்ல போட்டிருக்கோம். அதை யாரு படிப்பா?"

இதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். வாரண்டி, பாலிசி என்று எதுவும் பேசாமல், வாடிக்கையாளர் சறுக்குவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிற ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதைவிட முக்கியம், போனை எடுப்பவருக்கே விஷயம் தெரிந்திருந்தது. பெட்டிகளைச் சோதித்து அனுப்புகிற வேலையும் அவருடையதுதானாம், காதில் போனை வைத்துக்கொண்டே ஒரு பெட்டியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், பின்னால் டிக் டிக் என்று தீப்பொறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாலாவது நாள் புதுப் பெட்டி வந்தது. ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன, நான் அனுப்பிய பழைய பெட்டிக்குள் ஊற்றி இறுக வைத்திருந்த எப்பாக்சிப் பசையைச் செதுக்கி உள்ளே இருந்ததை எடுத்த படம். டிரான்சிஸ்டரின் ஒரு ஓரம் கருகியிருந்தது. இதை அனுப்ப வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு எதுவுமில்லை. மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன், கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம காயில்தான் ஜாஸ்தி பவரு" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

குறை இல்லாமல் இல்லை. வயர் நீளம் போதாது, என் வண்டியில் பெட்டியைக் காற்றுப் படும் இடத்துக்கு மாற்ற அரை அடி ஒட்டுப்போட வேண்டியிருந்தது. தட்டை இறுக்கும் ஸ்குரூ இரண்டும் மட்டமான இரும்பு, ஒன்றின் தலை முதல் முறையே வழுக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்க மாட்டார்கள், வண்டி நின்றுபோவதோ ஞாயிற்றுக்கிழமைதான். பொருத்தும் முறையைச் சொல்லும் பேப்பரைப் பற்றி அவர்களே சொல்லிவிட்டார்கள். புதுப் பெட்டியோடு வந்த பேப்பரில் முதல் பக்கத்தின் தலையில் சிவப்புப் பேனாவால் தமிழில் எழுதியிருந்தது: காயில் 3 ஓமுக்குக் குறையக் கூடாது. அச்சடித்தது இல்லை, கையெழுத்து. எனக்கு மட்டும் எழுதினார்களா, எல்லாப் பெட்டிக்கும் எழுதுகிறார்களா என்று கேட்க மறந்துவிட்டேன்.

பெயர் விஷயம். எழுதட்டுமா என்று கேட்டேன். "மாசம் நாப்பது கிட்டுதானுங்க பண்றோம். போன் எடுக்கிறது நான் ஒருத்தி. நீங்க பாட்டுக்கு எழுதிப்போட்டா போனுக்குன்னே ஒரு ஆள் வெக்கோணும், அந்த ஆளுக்கு என்ன தெரியும்?" என்றார். அதனால் எழுதவில்லை. பாயிண்ட் வைத்த புல்லட் வைத்துக்கொண்டு உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், எண் தருகிறேன். கூப்பிடுவதற்கு முன் மீட்டரை எடுத்து காயிலை அளந்து வைத்துக்கொள்ளுங்கள், மீட்டர் வயரின் கணக்கைக் கழிக்க மறக்க வேண்டாம். பழைய பாயிண்ட் தட்டையும் அதோடு இருந்த கண்டன்சரையும் டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள். அதையும் அந்த அக்காதான் சொன்னார்.