சிறுநீரக வருத்தக்காரருக்கு எந்தப் பால்?

பெரியம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் நிறுத்தியது பால்மாத் தேத்தண்ணியைத்தான். பதிலுக்குக் காலையில் ஒரு ரம்ளர் தேங்காய்ப்பால், கடிக்கப் பனங்கட்டி. அடுத்த கிளினிக்கில் பார்த்தால் இரத்தத்தில் பொற்றாசியம் ஏறியிருந்தது. பழுதான சிறுநீரகம் பொற்றாசியத்தையும் பொஸ்பரஸையும் சரியாக வெளியேற்றாது, அதனால் இரண்டையும் பார்க்கவேண்டும்.

தண்ணீர் விட்டுப் பிழிந்த தேங்காய் முதற்பால் 100 கிராமில் ஏறக்குறைய 260 மில்லிகிராம் பொற்றாசியம் இருக்கிறது. பசுப்பாலில் 150 அளவில்தான். பொஸ்பரஸ் இரண்டிலும் 90, 100 என்று கிட்டத்தட்ட ஒன்றுதான். பனங்கட்டியிலும் பொற்றாசியம் உண்டு. கறிக்குக் கொஞ்சம் கப்பிப்பால் (மறுபடி தண்ணீர் விட்டுப் பிழியும் ஐதான தேங்காய்ப்பால்) விடுவது வேறு, முதற்பாலை ரம்ளரில் குடிப்பது வேறு. உடம்புக்குக் குளிர்ச்சி என்று ஆட்டுப்பால் கொடுப்பவர்களும் உண்டு. அதில் பொற்றாசியம் 200 வரை வரும், பொஸ்பரஸும் பசுப்பாலைவிடச் சற்றுக் கூட.

சோயாப்பாலை நான் மதிக்கிறேன். புரதம் பசுப்பாலுக்குக் கிட்ட வரும். அதன் பொஸ்பரஸில் ஒரு பகுதி பைற்றேற்றாக, அதாவது விதைகள் பொஸ்பரஸைச் சேமிக்கும் வடிவத்தில், கட்டுண்டு கிடப்பதால் உடம்பு முழுவதையும் உறிஞ்சாது. டயலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், அவருக்கு இது உதவும். டயலிசிஸுக்கு முந்திய நிலையில் புரதத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் அளந்துதான் குடிக்கவேண்டும்.

பாதாம் பாலில் பொற்றாசியமும் பொஸ்பரஸும் பொதுவாகக் குறைவு. புரதமும் குறைவு, விலைதான் கூட. அரிசிப்பாலும் சிறுநீரகத்துக்கு இலேசானதுதான், ஆனால் நீரிழிவும் சேர்ந்திருந்தால் சீனி ஏறும். நம் ஊரில் இரண்டு வருத்தமும் ஒன்றாக இருப்பவர்கள் எத்தனை பேர்!

பெட்டியில் வரும் எந்தப் பாலையும், முக்கியமாக ஓட்ஸ் பாலை, பின்பக்கம் வாசிக்காமல் வாங்கவேண்டாம். பொஸ்பேற் என்ற சொல்லோ 339, 340, 341 என்ற சேர்பொருள் எண்களோ இருந்தால் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். சேர்க்கப்பட்ட பொஸ்பேற்றில் பெரும்பகுதி அப்படியே இரத்தத்துக்குப் போய்விடும். 340 என்றால் பொற்றாசியமும் கூடவே வரும்.

எல்லாம் பார்த்தபின், கிளினிக்கில் கேட்டு, பெரியம்மாவுக்குப் பழையபடி பசுப்பாலையே கொடுத்தோம். ஆனால் தேத்தண்ணிக்கு 30 மில்லிலீற்றர் மட்டும். அதில் பொற்றாசியம் 45, பொஸ்பரஸ் 28 மில்லிகிராம் அளவில் வரும். டொக்டர் தண்ணீரையும் அளந்து குடிக்கச் சொன்னதால் அந்தத் தேத்தண்ணியும் அன்றைய கணக்கில் சேரும். இருமல் மருந்தோடு வந்த சின்ன மூடியில்தான் பாலை அளக்கிறோம். மூன்று மூடி.