பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் மைனஸ் பவரா? சொட்டு மருந்து விட்டார்களா என்று கேளுங்கள்

'இலவசக் கண் பரிசோதனை' போர்டு வைத்த கண்ணாடிக் கடைகளில் திரும்பத் திரும்ப நடப்பது இது. பிள்ளை பவர் பார்க்கும் மெஷினில் தாடையை வைக்கும், உள்ளே பலூன் படம் தெரியும், சீட்டு வரும். அடுத்த நிமிடம் ஃபிரேம் காட்டுவார்கள்.

பணம் கொடுக்கும் முன் அந்தச் சீட்டைக் கையில் வாங்குங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று நான்கு வரி இருக்கும். 'எஸ்' (S, மைனஸ்/பிளஸ் பவர்) பத்தியில் −0.75, −1.50, −2.25 என்று எண் தாவினால், பலூனைப் பார்க்கும்போது பிள்ளை கண்ணின் உள்தசையை இறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பிளஸ் பவர் உள்ள பிள்ளைக்குக்கூட இப்படி மைனஸ் வரும். கடைசியில் அச்சாகும் எண்ணை அப்படியே லென்ஸுக்கு எழுதிவிடுவார்கள். கொடுமை என்னவென்றால், அந்தக் கண்ணாடியிலும் எழுத்து பளிச்சென்று தெரியும். கூடுதல் மைனஸைப் பிள்ளையின் தசையே இழுத்துச் சமாளித்துவிடும். தலைவலியும் படிக்கும்போது கண் சோர்வும் பிறகுதான் வரும்.

எனவே பிள்ளையின் முதல் கண்ணாடிக்குத் தசையைத் தளர்த்தும் மருந்து விட்டே பவர் பார்க்க வேண்டும். சைக்ளோபென்டோலேட் 1% என்றால் ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு சொட்டு, பிறகு அரை மணி முதல் முக்கால் மணி காத்திருப்பு. மங்கல் ஒரு நாள் வரை இருக்கும். ஹோமாட்ரோபின் ஓரிரு நாள் இழுக்கும். சின்னக் குழந்தைக்கும் மாறுகண்ணுக்கும் அட்ரோபின் 1% களிம்பை வீட்டிலேயே மூன்று நாள் போடச் சொல்வார்கள். கிட்டத்து மங்கல் தெளிய இரண்டு வாரம்கூட ஆகலாம். மருந்து விட்டதும் மூக்கோரத்துக் கண்முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், உடம்பில் ஏறுவது குறையும். முகம் சிவந்து காய்ச்சல் அடித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

'சொட்டு விட்டாச்சு' என்றாலும் எந்தச் சொட்டு என்று கேளுங்கள். டிரோபிகமைடு சொட்டு பாப்பாவை (கண்மணியின் நடுவே உள்ள கருந்துளையை) நன்றாக விரிக்கும். ஆனால் சிறு பிள்ளைகளின் தசையை முழுதாகத் தளர்த்தாது.

சர்க்கரைக்காரர்களை ஏமாற்றும் விதம் வேறு. பாப்பாவை விரிக்காமலே டார்ச்சடித்து 'நரம்பு (விழித்திரை) நார்மல்' என்று எழுதிவிடுவார்கள். சின்னப் பாப்பா வழியே விழித்திரையின் நடுப்பகுதி ஓரளவு தெரியும், ஓரம் தெரியாது. முறையான பார்வைக்கு டிரோபிகமைடு–ஃபினைலெஃப்ரின் சொட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக இரண்டு மூன்று முறை விட்டு அரை மணியாவது உட்கார வைக்க வேண்டும். நம் கருநிறக் கண்ணில் பாப்பா மெதுவாகத்தான் விரியும். நெடுநாள் சர்க்கரை இருந்தால் இன்னும் மெதுவாக. உள்ளே அழைக்கும்போது கூட வந்தவரை உங்கள் கண்ணில் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். பாப்பா சுருங்கினால் இன்னும் நேரமாகவில்லை. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும் வாரத்தில் கண்ணாடி போடவே வேண்டாம், பவர் மாறிக்கொண்டே இருக்கும்.

வரிசையும் முக்கியம்: பார்வை, பாப்பா அசைவு, கண் அழுத்தம், கண்ணின் முன்பக்க நீர் அறையான முன்னறையின் ஆழம். இவை முடிந்த பிறகே சொட்டு. ரத்த அழுத்தம், இதய நோய் இருந்தால் முன்பே சொல்லுங்கள். நேரே வந்ததும் சொட்டு விடும் இடத்தில் முன்னறை குறுகியவர் மாட்டிக்கொள்வார்; பாப்பா விரிந்து கண் அழுத்தம் திடீரென ஏறலாம். அன்றிரவு கண் தாங்கமுடியாமல் வலித்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்து, வாந்தி வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுள்ள கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.