இன்டெலிஜே ஐடியாவின் ரீஃபேக்டரிங்: பழைய ஜாவா கோடில் எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஜாவா மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு, அதற்கான எடிட்டரான இன்டெலிஜே ஐடியாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2001-ல் வந்தபோதே ரீஃபேக்டரிங்தான் (வேலை செய்யும் விதம் மாறாமல் கோடைத் திருத்தி அமைப்பது) அதன் பெரிய பலம், நான் வேறு எடிட்டருக்கு மாறாமல் இருப்பதும் அதற்காகத்தான். ஆனாலும் "ரீநேம் பண்ணேன், எல்லாம் போச்சு" என்று புலம்புகிறவர் அலுவலகத்துக்கு ஒருவராவது இருக்கிறார்.

சிங்கப்பூரில் இந்தப் பெயர் மாற்றும் வேலை தலையில் விழுவதற்கு ஒரு நல்ல உதாரணம் அடையாள அட்டை (என்ஆர்ஐசி) எண். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்கும் இடங்கள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, நிறுவனங்கள் பொதுவாக அதை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. பழைய கோடைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் 'என்ஆர்ஐசி' என்ற ஃபீல்டுதான். அதை 'கஸ்டமர்ஐடி' என்று மாற்ற ஷிஃப்ட் எஃப்6 அழுத்துகிறீர்கள். அந்த மதிப்பைப் படிக்கும் கெட்டர், எழுதும் செட்டர் இரண்டையும் சேர்த்து மாற்றட்டுமா என்று கேட்டு மாற்றிவிடும், வேறொரு கிளாஸில் அதே பெயரில் இருக்கும் வேரியபிளைத் தொடாது. வெறும் எழுத்தைத் தேடாமல் கோடின் அமைப்பையே புரிந்துகொண்டு மாற்றுவதால் இந்தப் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

வம்பு வருவது அதன் கண்ணுக்கு எட்டாத இடங்களில். ஜாவா ஆப்ஜெக்டை ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றும் ஜாக்சன் லைப்ரரி, அதில் வரும் பெயரை, அதாவது கீயை, இந்தப் பெயர்களிலிருந்துதான் எடுக்கிறது. பெயரை மாற்றியதும் கீயும் மாறிவிடும், ஆனால் மொபைல் ஆப் பழைய பெயரிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கின் இயல்பான அமைப்பில் தெரியாத கீயை ஜாக்சன் சத்தமில்லாமல் விட்டுவிடும், உங்கள் ஃபீல்டில் நல் (வெற்று மதிப்பு) உட்கார்ந்திருக்கும். கம்பைல் ஆகும், ஒரு சிவப்புக் கோடுகூட வராது, அதுதான் ஆபத்து. ரீநேம் செய்வதற்கு முன்பே பழைய பெயரை ஜேசன்ப்ராப்பர்ட்டி அனோடேஷனில் (ஃபீல்டுக்கு மேலே எழுதும் குறிப்பு) எழுதிவிடுங்கள், டேட்டாபேஸ் நெடுவரிசையின் பெயரையும் 'Column' அனோடேஷனில் அப்படியே.

ஸ்ட்ரிங்குக்குள் எழுதிய எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் கட்டளை) வரிகளுக்கு, கமென்ட்டிலும் ஸ்ட்ரிங்கிலும் தேடும் ஆப்ஷனை டிக் செய்யலாம். ஆனால் லாக் மெசேஜ், டெஸ்ட் டேட்டா எல்லாம் சேர்ந்து வரும், அதனால் ப்ரிவியூவில் ஒவ்வொரு வரியாகப் பார்த்து வேண்டாததை நீக்கிவிட்டு அப்புறம் மாற்றுங்கள். இந்த ப்ரிவியூ விண்டோவுக்காகவே நான் இந்த மென்பொருளுக்கு முழு மார்க் கொடுப்பேன். வேறு ரெப்போவில் (தனிக் கோடு களஞ்சியத்தில்) இருக்கும் சர்வீஸ்களை மட்டும் அது பார்க்காது, அங்கே நீங்களேதான் தேட வேண்டும்.

"அண்ணே, ரீநேம் வேலையே செய்யல" என்று புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வந்து நின்றார். கீழே பார்த்தால் இன்டெக்சிங், அதாவது கோடு முழுவதையும் படித்துப் பட்டியலிடும் வேலை, ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முடிந்த பிறகும் கிளாஸ்கள் சிவப்பாகவே இருந்தால் முதலில் லைப்ரரிகளைக் கொண்டுவரும் மேவனை ரீலோட் செய்யுங்கள். எடுத்தவுடன், சேமித்த கேஷை அழிக்கும் இன்வாலிடேட் கேஷஸுக்குப் போகிறார்கள், மொத்த ப்ராஜெக்டும் திரும்ப இன்டெக்ஸ் ஆகும், கம்பெனி லேப்டாப்பில் கீழே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டே வரலாம். போயே ஆக வேண்டுமென்றால், அந்த டயலாக்கில் லோக்கல் ஹிஸ்டரியை அழிக்கும் டிக்கை மட்டும் தொடாதீர்கள். கமிட் செய்யாத மாற்றத்தைத் திரும்ப எடுக்க அதுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று, கிளாஸ் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்தை மட்டும் மாற்றினால் விண்டோஸிலும் மேக்கிலும், கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் அதைக் கவனிக்காமல் விடலாம், லினக்ஸ் பில்டில்தான் உடையும். அதற்கு கிட் எம்வி கமாண்டில் மாற்றுங்கள்.

விலையைக் கேட்டால், நான் மேலே சொன்ன ரீஃபேக்டரிங் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்பிரிங்கை முழுமையாகப் புரிந்துகொள்ளும் வசதிக்குச் சந்தா கட்ட வேண்டும், பழைய எக்ஸ்எம்எல் கான்ஃபிக் நிறைய இருக்கும் டீமுக்கு அந்தக் காசு வீண் போகாது. சின்ன ப்ராஜெக்டுக்கு விஎஸ் கோடின் எஃப்2 ரீநேமே தாராளம்.