ஜெர்மன்: வகுப்பில் கற்பதா, போய்ப் பழகுவதா?

"அங்க போனா தானா வந்துடும்." ஜெர்மனிக்குக் கிளம்புகிற எவரிடமும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். "பி1 முடிக்காம டிக்கெட் போடாதே" என்பது எதிர்த்தரப்பு. (ஏ1 தொடக்க நிலை, பி1 இடைநிலை, பி2 அதற்கு அடுத்த படி.) இரண்டு தரப்பும் தங்களுக்குத் தெரிந்த நாலு பேரைக் காட்டித்தான் பேசுகின்றன. இந்த வழக்குக்கு நல்ல சான்று ஜெர்மனியின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. அதை வைத்துப் பார்ப்போம்.

முதலில் 'தானா வந்துடும்' தரப்பு. போருக்குப் பிறகு ஆலைகளுக்கு ஆள் போதாமல் மேற்கு ஜெர்மனி 1955இல் இத்தாலியோடும், 1960இல் ஸ்பெயின், கிரீஸ் நாடுகளோடும், 1961இல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை வரவழைத்தது. சில வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள் என்றுதான் கணக்கு. அதனால் அவர்களுக்கு முறையாக மொழி கற்பிக்க வேண்டும் என்று யாரும் பெரிதாக எண்ணவில்லை. எழுபதுகளில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தாலிய, ஸ்பானியத் தொழிலாளர்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். பல வருடம் அங்கேயே வாழ்ந்த பிறகும் பலருடைய பேச்சில் வினைச்சொல்லுக்கு விகுதி இல்லை, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரவேண்டிய டெர், டீ, டாஸ் இல்லை. எத்தனை வருடம் இருந்தார்கள் என்பதைவிட, ஜெர்மானியர்களோடு எவ்வளவு பழகினார்கள் என்பதும் எந்த வயதில் வந்தார்கள் என்பதும்தான் அதிக வித்தியாசத்தை உண்டாக்கின. ஊரில் இருந்தால் மட்டும் மொழி வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம்.

காரணம் எளிது. 'நாளை' என்ற சொல்லைப் போட்டுவிட்டால் எதிர்காலம் புரிந்துவிடுகிறது, வினை எந்த வடிவத்தில் இருந்தாலும் மேஸ்திரிக்குக் கவலையில்லை. டெம், டென் போன்ற குட்டிச் சொற்களை அந்த ஊர்க்காரர்கள் வேகப் பேச்சில் பாதி விழுங்கிவிடுகிறார்கள். காதில் விழாதது வாயில் வராது. விழுந்தாலும், அது இல்லாமலே வேலை நடக்கும்போது மனம் அதைத் தேடிப் போவதில்லை.

எண்பதுகளில் அகதிகளாகப் போன ஈழத்தமிழர் பலர் உணவகச் சமையலறைகளில் நின்றுகொண்டே ஜெர்மன் பிடித்தார்கள். அந்தத் துணிச்சலையும் சரளத்தையும் எந்த வகுப்பும் தராது. ஆனால் அரசு அலுவலகத்திலிருந்து நீண்ட கடிதம் ஒன்று வரும்போது சமையலறை ஜெர்மன் போதாமல் போகிறது.

இப்போது வகுப்புத் தரப்பு. தெருவில் மாதக்கணக்கில் கேட்டாலும் பிடிபடாததை வகுப்பு பத்து நிமிடத்தில் கண்ணில் காட்டிவிடும். குளிர்கிறது என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் வழியாக யோசிக்கிற மாணவர் 'இஷ் பின் கால்ட்' என்பார். அது 'நான் ஈவிரக்கமற்றவன்' என்பது போலக் கேட்கும். சரியான வாக்கியம் 'மியர் இஸ்ட் கால்ட்'. பலகையில் அதன் பக்கத்தில் 'எனக்குக் குளிர்கிறது' என்று எழுதினால் போதும்: மியர், எனக்கு. அப்படியே அடுத்த வரி: 'எஸ் கெஃபெல்ட் மியர்', எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்தது: 'இஷ் ஹெல்ஃப டியர்', உனக்கு உதவுகிறேன். ஆங்கிலம் வழியே படிப்பவர் விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்வதெல்லாம் நமக்குப் பள்ளியில் படித்த நான்காம் வேற்றுமைதான். சென்னையில் நடக்கிற வகுப்புகளில்கூட இந்தத் தமிழ்ச் சாவியைக் கையில் எடுக்காமல் ஆங்கிலத்திலேயே விளக்குவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆய்வுகளும் வகுப்பின் பக்கம்தான் சாய்கின்றன. மொழி கற்றலை ஆராயும் ஜான் நாரிஸ், லூர்டஸ் ஒர்டேகா இருவரும் 2000இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கற்பித்தல் கணிசமான பலன் தருகிறது, விதியை வெளிப்படையாகச் சொல்லித் தருவது கூடுதல் பலன் தருகிறது, அந்தப் பலன் நீடிக்கவும் செய்கிறது என்றார்கள். ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: அந்த ஆய்வுகளில் பல, கட்டுப்பாடான தேர்வுக் கேள்விகளை வைத்தே மாணவர்களை அளந்தன. பேருந்து நிறுத்தத்தில் பேசுவது வேறு.

தேர்வில் வருவது பேச்சில் வராத அந்த இடைவெளி ஏன் என்பதற்கு மொழியியலாளர் மன்ஃப்ரெட் பீனமன் 1984இல் வெளியிட்ட ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. ஜெர்மனில் 'இன்று' என்று வாக்கியத்தைத் தொடங்கினால் வினை இரண்டாம் இடத்திலேயே நிற்கும், 'நான்' அதற்குப் பின்னால் போகும்: 'ஹொய்ட்ட கேஹ இஷ்', அதாவது 'இன்று போகிறேன் நான்'. ஜெர்மன் கற்றுக்கொண்டிருந்த இத்தாலியக் குழந்தைகளுக்கு அவர் இதைச் சொல்லிக்கொடுத்தார். வினையின் இரண்டு பகுதிகளைப் பிரித்து ஒன்றை வாக்கியக் கடைசிக்கு அனுப்பும் முந்தைய படியை எட்டியிருந்தவர்களுக்கு இது பேச்சில் ஏறியது. எட்டாதவர்களுக்கு ஏறவில்லை. வகுப்பு வேகத்தைக் கூட்டும், படியைத் தாண்ட வைக்காது. போன வாரம் நடத்தியது இந்த வாரம் வாயில் வரவில்லை என்று மாணவரைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மொழி கற்பிக்கும் ஆப்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொல்வளத்துக்கு நல்லது, பேச்சுக்குப் போதாது.

வகுப்பிலும் இரண்டு ரகம் உண்டு. ஒன்று தேர்வுக்காகவே ஓடுவது. ஜெர்மன் மொழிக்கான கோத்தே நிறுவனத்தின் பி1, பி2 தேர்வுகளில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் தனித்தனியே நூற்றுக்கு 60 எடுக்கவேண்டும். விசாவும் வேலையும் அதில்தான் நிற்கின்றன, அதனால் தேர்வுப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மாதிரிக் கடிதங்களை உருப்போட்டுத் தேறிய செவிலியர், தெற்கு ஜெர்மனியின் பவேரிய வட்டார வழக்கில் முனகும் முதியவரின் வலி எங்கே என்று கேட்டுப் புரிந்து அடுத்த ஷிஃப்டுக்குச் சொல்லவேண்டியிருக்கும். உருப்போட்டது அங்கே கைகொடுக்காது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் அதிகம் பேசுகிறாரா, மாணவர்களா? தவறு வரும்போது என்ன செய்கிறார்? கனடாவின் மாண்ட்ரியல் வட்டாரத்தில் பிரெஞ்சு வழியில் பாடம் நடத்தும் பள்ளிகளை ஆராய்ந்து ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் 1997இல் எழுதியதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மாணவர் தவறாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்வதுதான் அங்கே அதிகம் நடந்தது. பெரும்பாலும் மாணவர்கள் அதைப் பிடித்துத் தங்கள் பேச்சைத் திருத்திக்கொள்ளவில்லை. "எப்படிச் சொல்லணும்?" என்று நிறுத்திக் கேட்டபோதுதான் அவர்கள் தாங்களே திருத்திக்கொண்டார்கள். அப்படி நிறுத்திக் கேட்கிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

என் வாக்கு இரண்டும் சேர்ந்த வழிக்கு. ஜெர்மனியே 2005இல் இந்த முடிவுக்குத்தான் வந்தது. குடியேறுபவர்களுக்காக அன்று தொடங்கிய ஒருங்கிணைப்புப் படிப்பில் மொழிக்கு மட்டும் பொதுவாக 600 பாடவேளைகள், இலக்கு பி1. காலையில் பாடம், மாலையில் பேக்கரி, மருத்துவர், பிள்ளையின் மழலையர் பள்ளி. நேற்றுக் கடையில் காதில் விழுந்து புரியாமல் போனதை இன்று வகுப்பில் கேட்கலாம், இன்று படித்ததை மாலையிலேயே சொல்லிப் பார்க்கலாம்.

செவிலியராகப் போகிறவர் இங்கேயே பி2 முடிப்பது நல்லது. பொதுவாக அங்கே பணி அங்கீகாரத்துக்கு அந்த நிலை கேட்கப்படுகிறது. வகுப்போடு கூடவே தினமும் ஜெர்மன் ஒலியைக் கேட்டு வரவேண்டும். பெர்லினில் ஆங்கிலம் பேசும் ஐடி அலுவலகத்துக்குப் போகிறவர் கவனமாக இருக்கவேண்டும். அவர் ஜெர்மனியில் இருப்பார், ஜெர்மன் மொழிக்குள் இருக்கமாட்டார். அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். எல்லோரையும்விட வகுப்பு அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான். துணையோடு சேர ஏ1 மட்டும் முடித்துப் போகிறவர், போன முதல் மாதங்களிலேயே அந்த ஊர் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலவில் (பெரியவர்களுக்கான பொதுக் கல்வி மையம்) ஒருங்கிணைப்புப் படிப்பு எப்போது தொடங்குகிறது என்று விசாரித்துப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். அரைகுறை ஜெர்மனிலேயே காரியம் நடந்து பழகிவிட்டால் பிறகு திருத்துவது கடினம்.